மீட்லோஃபும் உருளைக்கிழங்கு மசியலும்: செங்கல்லா ஆகாம பண்றதுக்கு முழு வழிகாட்டி

நான் முதல்முதல்ல பண்ணின மீட்லோஃப (கொத்துக்கறிய பிரெட் மாதிரி உருட்டி வேகவெக்கிற அமெரிக்க சாப்பாடு) சாப்பிட்டது மொத்தம் ரெண்டே பேரு, ஒண்ணு நானு, இன்னொண்ணு என் ரூம்மேட்டு. அவன் பென்சில்வேனியாக்காரன், சின்ன வயசுலேருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது இத தின்னு வளந்தவன், ஒரு வாய் வெச்சான், ரொம்ப நேரம் மென்னான், அப்புறம் தண்ணி குடிச்சுட்டு "கெட்டியா வந்திருக்கு"ன்னு மட்டும் சொன்னான். நல்லாருக்குன்னும் சொல்லல நல்லால்லன்னும் சொல்லல, அதுலயே புரிஞ்சுபோச்சு.

நான் பண்ணின கூத்து என்னன்னா, உடம்புக்கு நல்லதுன்னு கொழுப்பே இல்லாத மாட்டுக்கறியா பாத்து வாங்கினேன், காஞ்ச பிரெட் தூள அப்படியே கொட்டினேன், பச்ச வெங்காயத்த அரிஞ்சு போட்டேன், அப்புறம் சப்பாத்தி மாவு பிசையுற மாதிரி பத்து நிமிஷம் வெச்சு பிசைஞ்சேன், நல்லா பிசைஞ்சாதான் ஒட்டும்னு நெனப்பு. அத ஒரு பிரெட் டின்ல அமுக்கி அடைச்சு ஒன்றரை மணி நேரம் ஓவன்ல விட்டுட்டு படிக்கப்போயிட்டேன். வெளிய எடுத்தப்ப சாம்பல் கலர்ல சுருங்கி, அதோட தண்ணியிலயே அது மிதந்துக்கிட்டு இருந்துச்சு. கத்திய வெச்சா ரப்பர் செருப்ப அறுக்குற மாதிரி.

அந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு அவன் வீட்டுக்கு போனப்ப அவங்கம்மா பண்றத பக்கத்துல நின்னு பாத்தேன். ரெசிபி பெருசா ஒண்ணும் வித்தியாசம் இல்ல, என்கிட்ட இருந்த அதே சாமான்தான். ஆனா வெங்காயத்த வதக்கி ஆறப்போட்டிருந்தாங்க, ரொட்டிய பால்ல ஊறப்போட்டிருந்தாங்க, கறிக்குள்ள கைய விட்டு எடுத்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அன்னைக்கு புரிஞ்சதுதான் இந்த மொத்த வழிகாட்டியும்: மீட்லோஃப்ல நாம பாத்துக்க வேண்டியது ஈரம்தான். கறிக்குள்ள இருக்குற தண்ணிய கறிக்குள்ளயே நிக்க வெச்சுட்டா ஜெயிச்சாச்சு.

தெரியாதவங்களுக்கு சொல்லிடுறேன், கொத்துக்கறியில ரொட்டி முட்டை வெங்காயம் எல்லாம் கலந்து, ஒரு முழு பிரெட் மாதிரி உருட்டி, ஓவன்ல வேகவெச்சு, மேல கெட்சப் பூசி, துண்டு போட்டு மசிச்ச உருளைக்கிழங்கோட சாப்பிடுறதுதான் மீட்லோஃப். அமெரிக்காவுல வீட்டுச் சாப்பாடுன்னா இதுதான், நம்ம ஊர்ல ரசம் சாதம் மாதிரி, யாரும் விருந்தாளிக்கு பெருமையா பண்ண மாட்டாங்க ஆனா எல்லாருக்கும் அவங்கம்மா பண்ணினதுதான் ஒசத்தி. 1930கள்ல அந்த பெரிய பொருளாதார மந்தம் வந்தப்ப, கொஞ்சம் கறிய வெச்சு நெறைய வயித்த ரொப்பணும்ங்கிற நெலமையில ரொட்டியும் ஓட்ஸும் சேத்து கறிய நீட்டினாங்க, அதுலதான் இது வீட்டுக்கு வீடு வந்துச்சு. அப்புறம் ரெண்டாம் உலகப்போர்ல, 1943 மார்ச்ல கறிக்கு ரேஷனே வந்துடுச்சு, அப்பவும் இதுதான் கைகொடுத்துச்சு. வேடிக்கை என்னன்னா கஞ்சத்தனத்துக்காக சேத்த அந்த ரொட்டிதான் இத மெத்துனு ஆக்குது, வெறும் கறிய மட்டும் போட்டு பணக்காரத்தனமா பண்ணினா நல்லாவே வராது.

நம்ம செட்டிநாட்டு கோலா உருண்டை ஞாபகம் வருதா? அதுல பொட்டுக்கடலை மாவு போடுறோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான் இங்க ரொட்டி பாக்குது.

என்னென்ன வேணும் (6 பேருக்கு)

மாட்டுக்கறி கொத்தினது 2 பவுண்டு, அதாவது 900 கிராம். பாக்கெட்ல 80/20ன்னு போட்டிருக்கும், 80 பங்கு கறி 20 பங்கு கொழுப்பு, அதையோ 85/15ஐயோ எடுங்க. 93/7 பக்கம் போகாதீங்க, நான் போயி பட்டது போதும். பன்றிக்கறி சாப்பிடுவீங்கன்னா ஒன்றரை பவுண்டு மாடு அரை பவுண்டு பன்றின்னு கலந்தா இன்னும் மெத்துனு வரும். சில கடைங்கள்ல மாடு, பன்றி, கன்னுக்குட்டிக்கறி மூணையும் கலந்து மீட்லோஃப் மிக்ஸ்னே விப்பாங்க, கெடச்சா விடாதீங்க.

வெள்ள சாண்ட்விச் பிரெட் 3 ஸ்லைஸ், பால் அரை கப். முட்டை 2. பெரிய வெங்காயம் 1, பூண்டு 3 பல்லு, சின்ன கேரட் 1, செலரி ஒரு தண்டு, செலரி இல்லைன்னா பரவால்ல. வெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன். கெட்சப் 2 டேபிள்ஸ்பூன், வூஸ்டர் சாஸ் 1 டேபிள்ஸ்பூன், கடுகு பேஸ்ட் 1 டீஸ்பூன். தூள் உப்பு ஒன்றரை டீஸ்பூன், மொளகுத்தூள் 1 டீஸ்பூன், காஞ்ச தைம்ங்கிற வாசனை இலை 1 டீஸ்பூன், கொத்தமல்லி மாதிரி இருக்குற பார்ஸ்லி தழை ஒரு கைப்பிடி.

மேல பூசுறதுக்கு: கெட்சப் முக்கா கப், பிரவுன் சுகர் 3 டேபிள்ஸ்பூன், ஆப்பிள் சிடர் வினிகர் 2 டேபிள்ஸ்பூன்.

மசியலுக்கு: உருளைக்கிழங்கு 2 பவுண்டு, வெண்ணெய் 6 டேபிள்ஸ்பூன், பால் அரை கப்புலேருந்து முக்கா கப், உப்பு.

வூஸ்டர் சாஸ் பத்தி ஒரு விஷயம், இங்கிலாந்துல வூஸ்டர்ங்கிற ஊர்ல லீ அண்ட் பெரின்ஸ் கம்பெனி 1837லேருந்து வித்துட்டு வர்ற சாமான், பாட்டில திருப்பி படிச்சு பாருங்க, உள்ள புளி இருக்கும், நெத்திலி மாதிரி ஒரு மீனும் இருக்கும். புளியும் கருவாட்டு வாசமும் சேந்தா கறிக்கு என்ன ஆகும்னு நமக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேணாம். அதனால இத மட்டும் விடாதீங்க, சைவம் மட்டும் சாப்பிடுற ஃப்ரெண்டுக்கு தெரியாம எதுலயும் ஊத்திடவும் ஊத்திடாதீங்க.

இன்னொண்ணு கண்டிப்பா வேணும், உள்ள குத்தி பாக்குற கிச்சன் தெர்மாமீட்டர். பதினஞ்சு இருபது டாலருக்கு நல்லதாவே கெடைக்கும். இது இல்லாம பண்ணலாம், ஆனா குருட்டாம்போக்குதான்.

1. முதல்ல வெங்காயம்

வெங்காயம், கேரட், செலரி மூணையும் ரொம்ப பொடியா அரிஞ்சுக்கோங்க, பெருசு பெருசா இருந்தா துண்டு போடுறப்ப அந்த எடத்துல பிளந்துக்கும். வெண்ணெயில மிதமான தீயில 8 நிமிஷம், வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகி ஓரம் லேசா செவக்குற வரைக்கும் வதக்குங்க, கடைசி ஒரு நிமிஷத்துல பூண்டு, தைம். பச்சையா போட்டா என்ன ஆகும்னா அதுல இருக்குற தண்ணி எல்லாம் ஓவன்ல வெளிய வந்து லோஃப உடைக்கும், வெங்காயம் மட்டும் நறுக் நறுக்குன்னு வேகாம நிக்கும். வதக்கினத ஒரு தட்டுல பரப்பி ஆற விடுங்க. சூடா கறியில கொட்டினா கொழுப்பு அங்கயே உருகிடும், முட்டையும் ஓரமா வெந்துபோகும்.

2. ரொட்டிய ஊறப்போடுறது

பெரிய பாத்திரத்துல பிரெட்ட பிச்சு போட்டு பால ஊத்தி 10 நிமிஷம் விடுங்க. அப்புறம் கையாலயோ ஃபோர்க்காலயோ மசிச்சா குழந்தைக்கு ஊட்டுற கூழு மாதிரி ஆகும், கட்டி இல்லாம மசிங்க. இதுக்கு பிரெஞ்சுக்காரங்க பனாட்னு பேரு வெச்சிருக்காங்க. பாக்க ஒண்ணுமில்லாத விஷயம், ஆனா மொத்த சமையலோட உயிரே இங்கதான். கறி சூடானா அதோட புரதம் ஒண்ணோட ஒண்ணு இறுக்கி பிடிச்சு சுருங்கும், சுருங்குறப்ப துணிய பிழியுற மாதிரி தண்ணிய வெளிய தள்ளும். இந்த ரொட்டிக் கூழு நடுவுல நடுவுல போயி உக்காந்துக்கிட்டு அத இறுக விடாது, வெளிய வர்ற தண்ணியவும் கொழுப்பையும் தானே குடிச்சுக்கும். காஞ்ச பிரெட் தூள அப்படியே போட்டா அது கறியில இருக்குற ஈரத்தத்தான் உறிஞ்சும், அதுதான் நான் பண்ணின தப்பு. பிரெட் இல்லைன்னா முக்கா கப் ஓட்ஸ் எடுத்து அதே பால்ல 15 நிமிஷம் ஊறவெச்சுக்கலாம், கொஞ்சம் கரடுமுரடா வரும், ருசி நல்லாதான் இருக்கும்.

3. கலக்குறது

அதே பாத்திரத்துல கறியத் தவிர மத்த எல்லாத்தையும் போடுங்க, முட்டை, கெட்சப், வூஸ்டர் சாஸ், கடுகு, உப்பு, மொளகு, பார்ஸ்லி, ஆறின வெங்காயம், எல்லாத்தையும் நல்லா அடிச்சு கலந்துக்கோங்க. இங்க எவ்ளோ வேணும்னாலும் கலக்குங்க தப்பில்ல, மசாலா சமமா பரவுற வேலைய இப்பவே முடிச்சுடணும், ஏன்னா கறி விழுந்ததுக்கப்புறம் கைய அடக்கிக்கணும்.

கறி ஃபிரிட்ஜ்லேருந்து நேரா வரணும், ஜில்லுனு. கையால உதுத்து உதுத்து போடுங்க, அப்புறம் விரல விரிச்சு வெச்சுக்கிட்டு, கீழருந்து மேல தூக்கித் தூக்கி, சாதத்துல நெய் பிசிறுற மாதிரி. பிசையக்கூடாது. வெள்ள ரொட்டித் திட்டு கண்ணுக்கு தெரியாம போன நிமிஷம் நிறுத்திடுங்க. உப்போட சேந்து கறிய அழுத்தி பிசைஞ்சா அதுல இருக்குற புரதம் கரைஞ்சு பசை மாதிரி ஒட்டிக்கும், சாசேஜுக்கு அதுதான் வேணும், அதனாலதான் சாசேஜ் நறுக்குன்னு இருக்கு. நமக்கு அது வேணாம்.

ஒரு ஸ்பூன் எடுத்து தோசக்கல்லுல வடை மாதிரி தட்டி சுட்டு பாருங்க. உப்பு பத்தலைன்னா இப்பவே தெரியும். பச்சக்கறிய நாக்குல வெச்சு ருசி பாக்குற வேலை மட்டும் வேணாம்.

4. உருட்டி வெக்கிறது

ஓவன 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 175 செல்சியஸுக்கு சூடாக விடுங்க. பெரிய ஓரம் வெச்ச ட்ரேயில பார்ச்மென்ட் பேப்பர் (ஓவன்ல வெக்கிற ஒட்டாத காகிதம்) விரிச்சு, கறிய நடுவுல கொட்டி, கைய தண்ணியில நனைச்சுக்கிட்டு, 9 இல்ல 10 இஞ்ச் நீளம், 5 இஞ்ச் அகலம், ரெண்டரை இஞ்ச் உசரத்துக்கு தட்டி உருவம் கொடுங்க. மேல் பக்கம் வெடிப்பு இல்லாம நீவி விடுங்க, வெடிப்பு இருந்தா அங்கதான் பிளக்கும். ஃபாயில விட பார்ச்மென்ட் நல்லது, கெட்சப்பும் வினிகரும் புளிப்பு, சூட்டுல ஃபாயில அரிக்கும்.

பேருலயே லோஃப்னு இருக்கு பிரெட் டின்லதானே வெக்கணும்னு கேப்பீங்க. வெக்கலாம், நெறைய பேரு வெக்கிறாங்க. ஆனா டின்ல வெச்சா கொழுப்பு வடியாது, அதுலயே வேகும், மேல ஒரு பக்கம் மட்டும்தான் செவக்கும். ட்ரேயில வெச்சா நாலு பக்கமும் செவந்து, பூச்சும் நாலு பக்கமும் ஏறும். அந்த ஓரத்துக்குத்தான் எங்க வீட்ல சண்டையே நடக்குது.

5. வேகவெக்கிறது

பூச்சு இல்லாம முதல் 40 நிமிஷம். முதல்லயே பூசினா சர்க்கரை கருகிடும். அதுக்குள்ள கெட்சப், பிரவுன் சுகர், வினிகர் மூணையும் சின்ன பாத்திரத்துல 3 நிமிஷம் கொதிக்க விட்டு வெச்சுக்கோங்க, கொஞ்சம் காரம் வேணும்னா கால் டீஸ்பூன் மொளகாத்தூள், நான் எப்பவும் போடுவேன், ரூம்மேட்டோட அம்மா பாத்தா என்ன சொல்லுவாங்களோ தெரியாது. 40 நிமிஷம் ஆனதும் பாதிய பூசி 15 நிமிஷம், அப்புறம் மீதிய பூசி இன்னொரு 10 நிமிஷம். ரெண்டு தடவையா பூசினா அடியில இருக்குறது கெட்டியா ஒட்டிக்கும், மேல இருக்குறது பளபளன்னு நிக்கும்.

மொத்தம் 60லேருந்து 75 நிமிஷம் ஆகும், ஆனா கடிகாரத்த நம்பாதீங்க. 55வது நிமிஷத்துலேருந்து தெர்மாமீட்டர பக்கவாட்டுலேருந்து நடு மையத்துக்கு குத்தி பாருங்க, 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ் காட்டினா எடுத்துடுங்க. கொத்துக்கறிக்கு அமெரிக்க விவசாயத்துறை சொல்ற கணக்கு அதுதான். முழுத் துண்டு ஸ்டேக்ல கிருமி மேல்பக்கம்தான் இருக்கும், மேல சுட்டா போச்சு, ஆனா கொத்தினதுல மேல இருந்தது எல்லாம் உள்ள கலந்துடும், அதனால இங்க அரைவேக்காடு பேச்சே இல்ல. கலர பாத்தும் முடிவு பண்ணாதீங்க, வெந்தும் சில நேரம் உள்ள ரோஸா இருக்கும், வேகாமலே சில நேரம் பழுப்பாவும் ஆகிடும்.

எடுத்ததும் வெட்டாதீங்க. 15 நிமிஷம் அப்படியே விடுங்க. இதுதான் கஷ்டமான படி, வாசம் வீடு முழுக்க அடிக்கும், எல்லாரும் தட்ட தூக்கிட்டு வந்து நிப்பாங்க, விடாதீங்க. சூடா வெட்டினா சாறு பூரா பலகையில ஓடிடும், துண்டும் உதுந்துடும். அப்புறம் பல்லு வெச்ச பிரெட் கத்தியால முக்கா இஞ்ச் தடிமனுக்கு, அழுத்தாம அறுங்க.

உருளைக்கிழங்கு

முதல் பூச்சு பூசினதும் கிழங்க அடுப்புல ஏத்தினா ரெண்டும் சரியா ஒண்ணா முடியும். மசியலுக்கு ரஸ்ஸெட் வாங்குங்க, மாவு கிழங்கு, பஞ்சு மாதிரி மசியும். இல்லைன்னா யூகான் கோல்ட், அது கனடாவுல குவெல்ஃப் பல்கலைக்கழகத்துல உருவாக்கி 1980ல வெளிவந்த ரகம், மஞ்சளா இருக்கும், வெண்ணெய் போடாமலே வெண்ணெய் போட்ட மாதிரி இருக்கும். செவப்புத் தோல் கிழங்கு மட்டும் வேணாம், அது குழம்புக்கு நல்லது, மசிக்க ஆகாது.

தோல சீவி ஒன்றரை இஞ்ச் துண்டா வெட்டி, பச்சத்தண்ணியில ஒரு தடவ அலசி, திரும்ப பச்சத்தண்ணி ஊத்தி 1 டேபிள்ஸ்பூன் உப்பு போட்டு அடுப்புல வைங்க. கொதிக்கிற தண்ணியில போட்டா வெளிய கரைஞ்சு உள்ள வேகாம நிக்கும். கொதி வந்ததும் 15 நிமிஷம், கத்தி வெச்சா தானா வழுக்கி விழணும். வடிச்சுட்டு அதே சூடான பாத்திரத்துல திரும்பப் போட்டு சின்ன தீயில ஒரு நிமிஷம் பெரட்டுங்க, ஆவி போகட்டும், இங்க தண்ணி போகணும், கறிக்கு நேர் எதிரு.

சூடா இருக்குறப்பவே மசிங்க. முதல்ல உருக்கின வெண்ணெய், அது கலந்ததுக்கப்புறம்தான் சூடான பால், கொஞ்சம் கொஞ்சமா. மிக்ஸியில மட்டும் போட்டுடாதீங்க, ஒரு தடவ அவசரத்துக்கு போட்டேன், முப்பது செகண்ட்ல ஸ்டார்ச் எல்லாம் வெளிய வந்து போஸ்டர் ஒட்டுற பசை மாதிரி ஆச்சு, கரண்டிய தூக்கினா பாத்திரமும் கூட வருது.

மசியல் போரடிச்சா இன்னொரு வழி. துண்டு போட்ட கிழங்க உப்புத்தண்ணியில 8 நிமிஷம் பாதி வேகவெச்சு வடிச்சு, எண்ணெய் உப்பு பெரட்டி, ஆரம்பத்துலயே லோஃப சுத்தி ட்ரேயில பரப்பிடுங்க, வடியுற கொழுப்புல அதுவும் வேகும். லோஃப் வெந்ததும் அத பலகைக்கு மாத்திட்டு, கிழங்க மட்டும் திரும்ப ஓவன்ல தள்ளி 425 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏத்துங்க, அந்த 15 நிமிஷ ஓய்வு நேரத்துல ஓரம் மொறுமொறுன்னு ஆகிடும். ஒரு ட்ரேதான் கழுவணும்ங்கிறதால வாரநாள்ல நான் இததான் பண்றேன்.

மாடு சாப்பிடாதவங்களுக்கு

டர்க்கி கொத்துக்கறி கடையில ஈஸியா கெடைக்கும். ஆனா அதுல கொழுப்பு கம்மி, அதனால 200 கிராம் காளான பொடியா அரிஞ்சு தண்ணி வத்துற வரைக்கும் வதக்கி சேத்துக்கோங்க, கூட 1 டேபிள்ஸ்பூன் வெண்ணெய். டர்க்கி, கோழி ரெண்டுக்கும் 165 டிகிரி, 74 செல்சியஸ் வரணும். ஹலால் கடையில ஆட்டுக்கறி கீமா வாங்கினா கொழுப்போட அரைச்சு தரச்சொல்லுங்க, அதுக்கு 160 போதும்.

சொதப்பினா

துண்டு போடுறப்ப உதுந்தா ஒண்ணு முட்டை கம்மி, இல்ல ஓய்வு கொடுக்காம வெட்டியிருப்பீங்க. ரப்பர் மாதிரி வந்தா பெரும்பாலும் பிசைஞ்சதுதான் காரணம். வறண்டுபோச்சுன்னா கொழுப்பு கம்மியான கறி இல்ல ரொம்ப நேரம் வெந்தது. அப்படி ஆனத தூக்கிப்போட வேணாம், ட்ரேயில வடிஞ்ச கொழுப்பு 2 டேபிள்ஸ்பூன், மைதா 2 டேபிள்ஸ்பூன் சேத்து செவக்க வறுத்து ஒன்றரை கப் ஸ்டாக் (கறியோ எலும்போ வேகவெச்ச தண்ணி) ஊத்தி கொதிக்க விட்டா கிரேவி, அத மேல ஊத்தினா யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. லோஃப சுத்தி வெள்ளையா நுரை மாதிரி ஒண்ணு கசியும், அது கறியோட புரதம்தான், கரண்டியால தள்ளி விட்டுடுங்க.

மிச்சம்

2 மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுக்கு போயிடணும், 3, 4 நாள் தாங்கும். ஃப்ரீசர்ல வெக்கணும்னா துண்டு போட்டு தனித்தனியா சுத்தி வைங்க, முழுசா வெச்சா ஒரு துண்டுக்காக மொத்தத்தையும் உருக்கணும். மைக்ரோவேவ்ல காஞ்சுபோகும், அதுக்கு பதிலா ஜில்லுனு இருக்குற துண்ட தோசக்கல்லுல ரெண்டு பக்கமும் மூணு மூணு நிமிஷம் போட்டா ஓரத்துல இருக்குற பூச்சு மிட்டாய் மாதிரி மொறுகும், அத மயோனைஸ் தடவின வெள்ள பிரெட்டுக்கு நடுவுல வெச்சு கடிக்கிறதுக்காகவே முந்தின நாள் மீட்லோஃப் பண்றவங்க இருக்காங்க, என் ரூம்மேட் அதுல ஒருத்தன். நான் என் பங்குக்கு உதுத்து ஃப்ரோசன் பரோட்டாவோட கொத்து போட்டேன், அவன் தட்டத் தொடச்சுட்டு "அடுத்த வாரம் எப்ப?"ன்னு கேட்டான்.